நர்சிங் கல்லூரியின் வரலாறும் நோக்கமும் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்தால்

பொன்விழா வரும். இல்லையென்றால் அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வரும். ஸ்டாஃப் மீட்டிங்கில் முதல்வர் சுற்றுமுற்றும் பார்ப்பார். "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே" என்று ஒருவர் கைக்கு ஒரு கோப்பு போய்ச் சேரும். உள்ளே நிறுவனரின் படம், முதல்வர்களின் பெயர்ப் பட்டியல், கட்டடத் திறப்பு விழா அழைப்பிதழ், போன முறை யாரோ எழுதிவைத்த நோக்க வாசகம். வரலாறு இரண்டு பக்கம், நோக்கம் அரைப் பக்கம், அடுத்த வாரத்துக்குள் வேண்டும் என்பார்கள்.

நான் மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் பாடம் எடுத்த ஆசிரியை. எங்கள் கல்லூரிக்கு இந்த வேலையைச் செய்தேன். அப்புறம் தெரிந்தவர்கள் கேட்க, வேறு சில பல்கலைக்கழக நர்சிங் துறைகளுக்கும் செய்து கொடுத்தேன். யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: அந்தக் கோப்பில் இருப்பது கட்டடத்தின் வரலாறு. நர்சிங் கல்லூரியின் வரலாறு வேறு. மாணவி வார்டில் நின்றது படிக்கவா, ஆள் பற்றாக்குறையை அடைக்கவா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் உங்கள் கல்லூரி என்ன பதில் சொன்னது என்று கண்டுபிடியுங்கள். ஹாஸ்டல் விதிகள், டூட்டி பட்டியல், உதவித்தொகை, சிலபஸ், எல்லாமே அந்தப் பதிலின் துண்டுகள்தான். நோக்க வாசகமும் அதே கேள்விக்கு இன்று நீங்கள் தரும் பதில்தான்.

எழுதத் தொடங்குமுன் உலகத்தில் இந்தக் கதை எப்படிப் போயிற்று என்று கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க அது உதவும். எல்லாவற்றையும் உங்கள் பக்கத்தில் கொட்ட வேண்டியதில்லை.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கிரிமியப் போருக்குப் பிறகு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பொதுமக்களிடம் திரட்டிய சுமார் 45,000 பவுண்டு நிதி அதற்குப் பின்னால் இருந்தது. பணம் மருத்துவமனையின் கல்லாவிலிருந்து வராமல் தனி நிதியிலிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் இந்தப் பள்ளி முறை மற்ற ஊர்களுக்குப் பரவியபோது தனி நிதி மட்டும் கூடவே பரவவில்லை. மருத்துவமனைகளுக்கு வேறொன்று புரிந்தது: ஒரு பள்ளியைத் திறந்தால் வார்டு வேலைக்குக் குறைந்த செலவில் ஆள் கிடைக்கும். அமெரிக்காவில் நர்சிங் கல்வி பற்றி 1923-இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை இதை வெளிப்படையாகவே பேசியது. மருத்துவமனையின் தேவையும் மாணவியின் படிப்பும் மோதும்போதெல்லாம் படிப்புதான் விட்டுக்கொடுக்கிறது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பள்ளி தொடங்கியது. ஆனி குட்ரிச் அதன் முதல் டீன். தனி டீன், தனி பட்ஜெட். பல்கலைக்கழகத்துக்குள் நர்சிங் வந்ததன் அர்த்தம் பெயர்ப்பலகை மாறியதில் இல்லை, இந்த இரண்டில்தான் இருக்கிறது.

உங்கள் கல்லூரிக்கு "தொடங்கிய ஆண்டு" என்று ஒன்று சொல்வார்கள். எதன் தொடக்கம் என்று கேளுங்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குள் தொடங்கி இன்றுவரை தொடர்ந்து நடப்பது என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஆரம்பத்தில் கொடுத்தது மூன்று வருட டிப்ளமோ, பட்டம் அல்ல. அதே 1909-இல் வேலூரில் சி.எம்.சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அது பட்டப்படிப்புக் கல்லூரியானது 1946-இல். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1956-இல் நர்சிங் கல்விப் பிரிவு வந்தது, பட்டப்படிப்பு 1960-இல். பயிற்சி தொடங்கியது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, முதல் பட்டம் கொடுத்தது, நர்சிங் படித்த ஒருவரே தலைமைக்கு வந்தது என்று நான்கு தேதிகள் இருக்கும். நான்கையும் தனித்தனியாகப் போடுங்கள். பழமை தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் முதல் தேதியோடு ஒட்டிவிடும் ஆசை வரும். வேண்டாம். நடுவில் கிடக்கும் அந்த வருடங்களில்தான் உங்கள் கதையே இருக்கிறது.

சரி, எங்கே தேடுவது?

விழா மலர்களில் தேடாதீர்கள். அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பழைய டூட்டி பட்டியலைத் தேடுங்கள். வார்டு அலமாரிகளில், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்தில், சில சமயம் பழைய எக்ஸ்ரே உறைகளுக்கு அடியில் கிடைக்கும். நான் பார்த்த ஒரு பட்டியலில் கோடு போட்ட நீளத்தாளில் இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், கட்டங்களில் காலை, மாலை, இரவு என்று ஒற்றை எழுத்துக் குறிகள். ஸ்டாஃப் நர்ஸ் பெயர்கள் மேலே நான்கைந்து. அதற்குக் கீழே, கோடுகூட இல்லாமல், அதே வரிசையில் மாணவிகளின் பெயர்கள். இரவுக் கட்டங்களில் பெரும்பாலும் மாணவிகள் மட்டும். சில வருடங்கள் கழித்து வந்த பட்டியலில் மாணவிகளுக்குத் தனித் தாள், அதில் "கிளினிக்கல் போஸ்டிங்" என்று தலைப்பு, ஓரத்தில் பொறுப்பு ஆசிரியையின் பெயர். இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் படமெடுத்துப் போட்டால் போதும், ஒரு பக்கம் எழுதவேண்டிய விளக்கம் மிச்சம்.

அடுத்தது அட்மிஷன் ரிஜிஸ்டர். எல்லாரும் முதல் பக்கத்தைப் பார்த்து முதல் பேட்ச்சின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு மூடிவிடுவார்கள். கடைசிப் பத்திக்குப் போங்கள்: விலகிய தேதி, காரணம். "திருமணம்", "உடல்நலம்", "வீட்டார் அழைத்துச் சென்றனர்". எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று பேட்ச் வாரியாக எண்ணிப்பாருங்கள். திருமணமானவர் படிக்கக் கூடாது என்ற விதி எந்த ஆண்டு மறைந்தது என்பது பல இடங்களில் எந்த உத்தரவிலும் இருக்காது, இந்தப் பத்தியில் மட்டும்தான் தெரியும்.

தேர்வு வினாத்தாள்கள் கிடைத்தால் விடாதீர்கள். என் கணக்கில் இதைவிட நேர்மையான ஆவணம் கிடையாது. பழைய தாளில் "எனிமா தட்டை எப்படித் தயார் செய்வீர்கள், பொருள்களை எழுதுக" என்று இருக்கும். பின்னால் வந்த தாளில் ஒரு நோயாளியின் நிலைமையை நான்கு வரியில் சொல்லிவிட்டு, "முதலில் எதைக் கவனிப்பீர்கள், ஏன்" என்று கேட்டிருப்பார்கள். அந்த "ஏன்" எந்த ஆண்டு வினாத்தாளில் நுழைந்தது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆண்டுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். ஒரு இடத்தில் இணைப்பு வந்து பல வருடம் ஆகியும் தட்டுகளும் பொருள்களும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதையும் எழுதினோம். முதல்வருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் எடுக்கச் சொல்லவும் இல்லை.

ப்ரொசீஜர் புக், நைட் ரிப்போர்ட் புக், ஸ்டோர் இன்டென்ட் (வார்டுக்குப் பொருள் கேட்டு எழுதும் சீட்டு) எல்லாம் நேரம் இருந்தால். நைட் ரிப்போர்ட்டிலும் கேஸ் ஸ்டடிகளிலும் நோயாளிகளின் பெயர் இருக்கும். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பெயர், நோய் இரண்டையும் வெளியே விடாதீர்கள். படங்களில் நோயாளியின் முகம் தெரிந்தால் அந்தப் படம் வேண்டாம், அல்லது முகத்தை மறைத்துவிடுங்கள்.

பழைய மாணவிகளிடம் பேசுவது தனிக் கலை. "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "பொற்காலம்மா, மேட்ரன் ரொம்ப ஸ்ட்ரிக்ட், ஆனா தாய் மாதிரி" என்று ஒரே பதில்தான் வரும். எல்லாரும் அதையே சொல்வார்கள். கையில் பிடிக்கக்கூடிய பொருளைக் கேளுங்கள். "யூனிஃபார்ம் பாக்கெட்ல என்ன வெச்சிருப்பீங்க?" கத்தரிக்கோல், செகண்ட் முள் உள்ள கடிகாரம், சேஃப்டி பின், இரண்டு நிறப் பேனா: பகல் டூட்டிக்கு நீலம், இரவுக்குச் சிவப்பு. பேனா என்று வந்ததும் சார்ட் எழுதியது நினைவுக்கு வரும். சார்ட் என்றதும் யாரோ ஒரு நோயாளி நினைவுக்கு வருவார். அப்புறம் நீங்கள் கேட்கவே வேண்டாம்.

வயதான ஒரு சிஸ்டரிடம் நான் கேட்டேன், "முதல் நைட் டூட்டியில உங்களோட யார் இருந்தாங்க, சிஸ்டர்?"

"யாரு இருந்தா? ஜூனியர் ஒருத்தி. அவளும் லினன் ரூம்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தா. நான் போய்க் கூட்டிட்டு வந்து ட்ரிப் பாட்டில் மாத்தச் சொன்னேன். எனக்கே அன்னைக்குத்தான் தெரியும் எப்படி மாத்துறதுன்னு."

இதை அப்படியே போட்டோம். "அர்ப்பணிப்பு மிக்க மாணவிகள் இரவும் பகலும் தொண்டாற்றினர்" என்ற பழைய வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில்.

சிஸ்டர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஹாஸ்டல் சமையலில் இருந்தவர், வார்டு ஆயா, நூலகர், இவர்களையும் பாருங்கள். எந்த வருடம் வகுப்பு நேரம் கூடியது என்பது சமையல்காரருக்குச் சாப்பாட்டு மணி மாறிய கணக்கில் தெரியும். பழைய குரூப் ஃபோட்டோ ஒன்றைக் கொண்டுபோய் யார் யார் என்று கேட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாக எழுதி வாங்குங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள்.

எல்லாக் கல்லூரி வரலாற்றிலும் வந்து நிற்கும் சில பிழைகள் உண்டு. நர்சிங் மாணவர்கள் எடுக்கும் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதினார் என்பார்கள். அவர் எழுதவில்லை. அவர் பெயரால் அதை 1893-இல் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டரும் அவரோடு இருந்த குழுவும் எழுதினார்கள். நைட்டிங்கேல் தம் பள்ளியில் தினமும் வகுப்பெடுத்தார் என்பார்கள். அன்றாடம் அதைப் பார்த்துக்கொண்டவர் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மேட்ரன் (தலைமைச் செவிலி) வார்ட்ரோப்பர். அப்புறம் அந்த விளக்கு. சின்னங்களில் மூக்கு நீண்ட எண்ணெய் விளக்கு போட்டிருப்போம். கிரிமியப் போரின்போது நைட்டிங்கேல் துருக்கியில் கையில் எடுத்துச் சென்றது மடித்து விரிக்கும் உருளைக்கூண்டு விளக்கு, உள்ளே மெழுகுவத்தி. சின்னத்தை மாற்றச் சொல்லவில்லை. பட விளக்கத்தில் "நைட்டிங்கேல் ஏந்திய விளக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள்.

"முதல்" என்று எங்கே எழுதினாலும் எதில், எந்த எல்லைக்குள் என்று அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

யாரைச் சேர்க்கவில்லை என்பதும் வரலாறுதான். நைட்டிங்கேல் முறையில் நடந்த பள்ளிகள் ஆண்களைச் சேர்க்கவில்லை; நியூயார்க்கில் பெல்வியூ மருத்துவமனையை ஒட்டி 1888-இல் ஆண்களுக்கென்றே மில்ஸ் பள்ளி தனியாக வரவேண்டியிருந்தது. அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி முடித்த முதல் கறுப்பின நர்ஸ் மேரி எலைஸா மஹோனி 1879-இல் தேறினார். அவருக்குப் பிறகும் பல பள்ளிகளின் கதவு கறுப்பினப் பெண்களுக்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. உங்கள் கல்லூரியில் முதல் ஆண் மாணவர் எந்த ஆண்டு சேர்ந்தார், திருமணமானவர் எந்த ஆண்டு, அதுவரை வெளியே நின்றது யார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர் வாக்கியம் போதும். கண்ணீர் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். வேலைநிறுத்தம் நடந்திருந்தால் அதுவும், சேர்க்கை நிறுத்தப்பட்ட வருடம் இருந்தால் அதுவும் இதே தொனியில். பட்டியலில் ஒரு வருடம் காணாமல் போனால் பழைய மாணவர்கள் முதலில் தேடுவது அந்த வருடத்தைத்தான்.

இப்போது நோக்கம். அரைப் பக்கம்தான், ஆனால் வேலை இங்கேதான் அதிகம்.

கோப்பில் வந்த பழைய வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தரமான செவிலியர் கல்வியின் வாயிலாகச் சமுதாயத்தின் ஆரோக்கியத்தை மேம்படுத்தும், உலகத்தரம் வாய்ந்த, அறநெறி மிக்க செவிலியர்களை உருவாக்குவது." ஒரு சோதனை செய்யுங்கள். "செவிலியர்" வரும் இடங்களில் "பொறியாளர்" என்று போட்டு, "ஆரோக்கியத்தை" என்பதற்குப் பதில் "வளர்ச்சியை" என்று வாசியுங்கள். எங்கேயும் இடிக்கவில்லை, இல்லையா? அப்படியானால் இது உங்கள் கல்லூரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

1860-இல் தொடங்கிய பள்ளியின் நோக்கத்தில் ஒரு பகுதி, பயிற்சி பெற்றவர்கள் வேறு இடங்களுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது. நடந்ததா என்று சரிபார்க்கலாம்: அங்கே பயிற்சி பெற்ற லூசி ஆஸ்பர்ன் 1868-இல் ஐந்து நர்ஸ்களோடு சிட்னி மருத்துவமனைக்குப் போனார். நல்ல நோக்க வாசகம் என்றால் இப்படி, பிறகு ஒருவர் வந்து "செய்தீர்களா?" என்று கேட்கும்படி இருக்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு சொற்றொடருக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: இதை யாரிடம் போய்க் கேட்டால் தெரியும்? இப்படித் திருத்தி நான் ஒரு துறைக்கு எழுதிக் கொடுத்தது:

"நோயாளியின் பக்கத்தில் நின்று முடிவெடுக்கவும், அந்த முடிவுக்குக் காரணம் சொல்லவும் தெரிந்த பட்டதாரிச் செவிலியர்களைப் பயிற்றுவிக்கிறோம். வார்டிலும் வீடுகளிலும் எழும் கேள்விகளையே ஆய்வுக்கு எடுக்கிறோம். மாணவர் நிற்கும் ஒவ்வொரு வார்டிலும் அவருக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார்."

முதல் வாக்கியத்துக்கு இறுதியாண்டு மாணவரிடம் கேட்கலாம். இரண்டாவதற்கு முதுநிலை ஆய்வேட்டுத் தலைப்புகளை எடுத்துப் பார்த்தால் போதும். மூன்றாவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குப் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது வாக்கியத்தில்தான் சண்டை வந்தது. "அவ்வளவு ஆசிரியர்கள் நம்மிடம் இல்லையே" என்றார்கள். இல்லையென்றால் எடுத்துவிடலாம், அல்லது ஆள் கேட்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம் என்றேன். எழுதினார்கள். இப்படிச் சண்டை வராத வாசகத்தை நான் நம்புவதில்லை.

பல்கலைக்கழகம் என்றாலே கற்பித்தல், ஆய்வு, சேவை என்று மூன்று கேட்பார்கள். மூன்றையும் ஒரே அளவில் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வரலாற்றுப் பகுதியில் ஆய்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் நோக்கத்தில் மட்டும் "உலகளாவிய ஆராய்ச்சி" என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். மாறாக, தொடங்கிய நாள்முதல் மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த, தாய்சேய் நலம் கவனித்த கல்லூரி என்றால், அது நோக்கத்தில் முதல் வாக்கியமாகவே வரலாம். இரண்டு பக்கங்களையும் மேசையில் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றில் இருப்பதற்கு மற்றதில் வேர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைநோக்கு என்று தனியாக ஒன்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். நோக்கம் இன்று செய்வது. தொலைநோக்கு இனி ஆக விரும்புவது. ரொம்ப யோசிக்க வேண்டாம்.

குழுவாக உட்கார்ந்து எழுதாதீர்கள். குழுவில் ஆளுக்கொரு பெயரடை சேர்ப்பார்கள், யாரும் யாருடையதையும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் எழுத வேண்டும். பிறகு மூன்று பேரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்: இறுதியாண்டு மாணவர் ஒருவர், வார்டு சிஸ்டர் ஒருவர், நர்சிங்குக்குச் சம்பந்தமில்லாத ஒருவர். மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுங்கள். சிஸ்டர் உதட்டைச் சுழிக்கும் இடத்தையும் வெட்டுங்கள். அவருக்குத் தெரியும், எது நடக்கிறது, எது சுவரில் மட்டும் இருக்கிறது என்று.

முதல்வர்களின் பட்டியல் கடைசியில் வரட்டும், பெயரும் ஆண்டும் போதும். கட்டடத் திறப்புகளுக்கு இரண்டு வரி. அழைப்பிதழில் இருந்த அமைச்சர்களின் பெயர்கள் தேவையே இல்லை. யாராவது கேட்டால், இடம் போதவில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் கீழே தேதி போடுங்கள். எந்தெந்த ரிஜிஸ்டரை, எந்த அலமாரியில் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பேட்டி ஒலிப்பதிவுகளோடும் ஃபோட்டோக்களோடும் ஒரு பெட்டியில் வைத்து நூலகத்தில் ஒப்படைத்து, நூலகரிடம் பதிவு எண் வாங்கிவிடுங்கள். அந்த எண்ணை அலுவலகக் கோப்பின் உட்பக்க அட்டையில் எழுதிவையுங்கள். அடுத்த விழாவுக்கு யார் கையில் கோப்பு போனாலும் முதலில் திறப்பது அதைத்தான்.